மலையில்லா ஊரில் மலைச் சைக்கிள்: பெல்ஜிய லிம்பர்க்கின் காட்டுத் தடங்கள்

1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில்தான் மவுண்டன் பைக் பந்தயம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. ஆண்கள் பிரிவில் தங்கம் வென்றவர் ஆல்ப்ஸ் மலைக்காரரும் அல்லர், இந்த விளையாட்டு பிறந்த கலிஃபோர்னியாவைச் சேர்ந்தவரும் அல்லர். பார்ட் பிரெண்ட்ஜென்ஸ் என்ற நெதர்லாந்துக்காரர். ஐரோப்பாவில் உள்ள அவருடைய நாட்டில் மிக உயர்ந்த இடமே 322 மீட்டர்தான். அவர் பிறந்த ஹாலன் கிராமம் மாஸ் ஆற்றுக்கு மேற்கே, லிம்பர்க் என்ற மாகாணத்தில் இருக்கிறது. அங்கிருந்து எல்லையைத் தாண்டினால் பெல்ஜியத்திலும் லிம்பர்க் என்றே ஒரு மாகாணம். மணல், பைன் காடு, இடையிடையே புதர்வெளி என எல்லைக்கு இரு பக்கமும் நிலம் ஒன்றுதான். கெம்பன் என்று அழைக்கப்படும் இந்த மணற்பரப்பில் இன்று வார இறுதிகளில் தடித்த டயர் சைக்கிள்கள் வரிசையாகப் போகின்றன.

பெல்ஜியப் பக்கத்துக் கெம்பன் மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்தைத்தான் எட்டுகிறது. கிழக்கே மாஸ் பள்ளத்தாக்கை நோக்கிச் சட்டென இறங்கும் விளிம்பைத் தவிர்த்தால் ஏற்றம் என்று சொல்ல அதிகம் இல்லை. ஆனாலும் இந்த விளையாட்டுக்கு உயரத்தைவிடத் தரைதான் முக்கியம். மணலில் சக்கரம் புதைய வேண்டும், வேரில் துள்ள வேண்டும், கைப்பிடி உரசும் அளவுக்கு இரு மரங்களுக்கிடையே திரும்ப வேண்டும். இவை எல்லாம் கெம்பனில் தாராளமாக உண்டு.

தீண்டப்படாத இயற்கை என்று இந்த இடத்தை விளம்பரப்படுத்துவது சுற்றுலாக்காரர்களுக்குப் பிடிக்கும். தீண்டப்படாத ஒரு முழ நிலம்கூட இங்கே இல்லை. வெளி, காடு, குன்று, பாதை ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் பிழைப்புக்காகச் செய்தது அல்லது செய்துவிட்டுப் போட்டது. சைக்கிள் தடம் அந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தது. அது ஓட்டுபவரைக் காட்டுக்குள் விடுவதற்காகப் போடப்பட்டது என்று நினைக்கிறோம். அவரைக் காட்டின் மற்ற பகுதிகளுக்கு வெளியே நிறுத்தவும் அதே அளவுக்கு அது போடப்பட்டது என்பதைப் புரிந்துகொண்டால்தான் மற்றவை விளங்கும்.

வறுமை உண்டாக்கிய வெளி

பனியுகங்களில் மாஸ் ஆறு கொண்டுவந்து கொட்டிய சரளையும், அதன்மேல் காற்று அள்ளிப் போட்ட மணலும்தான் இந்த நிலம். தண்ணீர் தங்காது, சத்தும் தங்காது. இங்கே உழுது பிழைத்தவர்கள் ஆடுகளைப் பொதுவெளியில் மேயவிட்டு இரவில் தொழுவத்தில் அடைத்தார்கள். வெளியின் மேல்மண்ணைச் செடியோடும் வேரோடும் பத்தைகளாக வெட்டி வந்து தொழுவத்தில் பரப்பினார்கள். ஆட்டுச் சாணமும் மூத்திரமும் ஊறிய அந்தப் பத்தைகள்தான் வயலுக்கு எரு. சிறு துண்டு வயலுக்குச் சோறு போட அதைப்போலப் பல மடங்கு வெளியைச் சுரண்ட வேண்டியிருந்தது. நூற்றாண்டுக் கணக்கில் இது நடந்ததால், சத்தில்லாத மணலிலும் பிழைக்கத் தெரிந்த ஹெதர் என்ற முழங்கால் உயரப் புதர் மட்டுமே மிஞ்சியது. ஆகஸ்ட் கடைசியில் அது ஊதா நிறத்தில் பூக்கும்போது ஊரே படம் எடுக்க வருகிறது. பார்ப்பதற்கு ஆதிகால வெளிபோல இருக்கும் இது, மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்ததால் உண்டானது. எடுப்பதை நிறுத்தினால் முதலில் புல் வரும், பிறகு பிர்ச்சும் பைனும் வரும், சில பத்தாண்டுகளில் வெளி காடாகிவிடும்.

19ஆம் நூற்றாண்டில் ஆட்சியாளர்கள் கண்ணுக்கு இது தரிசு. உருளைக்கிழங்கு நோயும் பஞ்சமும் வாட்டிய காலத்தில், 1847இல், பெல்ஜிய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஊர்ப் பொதுவான தரிசுகளைச் சாகுபடிக்குக் கொண்டுவரவோ விற்கவோ ஊராட்சிகளைக் கட்டாயப்படுத்தும் அதிகாரத்தை அது அரசுக்குக் கொடுத்தது. பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து மலிவான கம்பளி வந்தது, ரசாயன உரமும் வந்தது. ஆட்டுக்கும் வேலையில்லை, வெளிக்கும் வேலையில்லை. வெறும் மணலில் வேறு எதுவும் விளையாத இடத்தில் பைன் நட்டார்கள்.

அந்தப் பைனுக்கு ஒரு சந்தையும் தேடி வந்தது. 1901 ஆகஸ்டில் அஸ் என்ற கிராமத்தில் ஆந்த்ரே துமோன் துளையிட்ட குழி 541 மீட்டர் ஆழத்தில் நிலக்கரியைத் தொட்டது. பெரிங்கன், ஸோல்டர், ஹவுத்தாலன், ஸ்வார்ட்பெர்க், வின்டர்ஸ்லாக், வாட்டர்ஸ்கை, ஐஸ்டன் என்று ஏழு சுரங்கங்கள் அடுத்தடுத்து எழுந்தன. சுரங்கத்தின் கூரையைத் தாங்க முட்டுமரம் வேண்டும். பைன் வேகமாக வளரும், நேராக வளரும். இன்னொரு குணத்துக்காகவும் தொழிலாளர்கள் அதை விரும்பினார்கள்: பாரம் தாங்காமல் முறிவதற்கு முன் அது கிறீச்சிட்டு எச்சரிக்கும். ஓடித் தப்ப அந்தச் சில நொடிகள் போதும்.

இன்றைய சைக்கிள் தடத்தின் வடிவத்தை இந்தத் தோட்டக் காடுதான் தீர்மானித்தது. முட்டுமரக் காட்டில் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. தீ பரவாமல் தடுக்கவும் மரம் ஏற்றிச் செல்லவும் வெட்டிய பாதைகள் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராகப் போகின்றன. நேர்ப் பாதை வண்டிக்கு நல்லது, சைக்கிளுக்கு அலுப்பு. அதனால் தடம் போடுகிறவர்கள் இரண்டு நேர்ப் பாதைகளுக்கு நடுவில் சிக்கிய சதுரக் காட்டுக்குள் நுழைந்து, ஓர் ஆள் அகலத்துக்கு வளைத்து வளைத்து ஒற்றையடித் தடம் அமைக்கிறார்கள். நேராகப் போனால் ஒரு கிலோமீட்டரில் முடிந்துவிடும் துண்டு, மடித்து மடித்துப் போட்டால் நான்கைந்து கிலோமீட்டராக நீளும். ஓட்டுபவருக்குப் பெரிய காட்டில் போன நினைப்பு வரும். உண்மையில் அவர் ஒரு சிறு சதுரத்துக்குள்ளேயே சுற்றியிருப்பார். லிம்பர்க்கும் அடங்கிய பெல்ஜியத்தின் வடபகுதியான ஃபிளாண்டர்ஸ் மக்கள் நெருக்கம் மிகுந்தது, காடு குறைந்தது; அங்கே இது சாதாரண உத்தி அல்ல. அடுத்த சதுரம் காலியாக விடப்படுவதே இதனால்தான்.

சுரங்கத்திலிருந்து வந்த எண்கள்

கரியின் காலம் நீடிக்கவில்லை. ஹவுத்தாலன் 1964இல் மூடியது. 1966 ஜனவரியில் ஸ்வார்ட்பெர்க் மூடல் அறிவிப்பை எதிர்த்த போராட்டத்தில் இருவர் உயிரிழந்தனர். எண்பதுகளின் இறுதியில் ஒன்றன்பின் ஒன்றாக மற்றவை. 1992இல் ஸோல்டர் மூடியதோடு கதை முடிந்தது. இத்தாலி, துருக்கி, மொராக்கோ என்று பல நாடுகளிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர் குடும்பங்கள் இருந்த ஊர்களில் வேலை என்னவாகும் என்ற கேள்வி மிஞ்சியது. கெங்க் நகரின் ஃபோர்டு தொழிற்சாலை கொஞ்ச காலம் தாங்கியது, அதுவும் 2014 டிசம்பரில் மூடியது. லிம்பர்க் சைக்கிளைப் பிடித்துக்கொண்டது பொழுதுபோக்குக்காக மட்டும் அல்ல.

சுரங்கத்திலிருந்து சைக்கிளுக்கு வந்த நேரடியான பங்கு ஒன்று உண்டு. 1995இல் பெல்ஜிய லிம்பர்க்கில் பாதைச் சந்திகளுக்கு எண் கொடுக்கும் முறை தொடங்கியது. எந்தச் சந்தியில் நின்றாலும் அந்த இடத்தின் எண் பலகையில் இருக்கும், அடுத்தடுத்த சந்திகளின் எண்களும் அம்புக்குறியோடு இருக்கும். 71, 72, 91 என்று எண்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டால் வரைபடம் இல்லாமலே நாள் முழுவதும் ஓட்டலாம். இதை யோசித்தவர் ஹூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர். நிலத்தடிச் சுரங்க வழிகளின் சந்திகளை அடையாளம் காண இருந்த முறையை அவர் தரைக்கு மேல் கொண்டுவந்தார். பின்னாளில் நெதர்லாந்து முழுவதும், ஜெர்மனியின் சில பகுதிகளிலும் அதே முறை பரவியது.

மவுண்டன் பைக் தடங்கள் இந்த எண் வலையிலிருந்து பிரிந்தே இருக்கின்றன, அதற்குக் காரணமும் உண்டு. எண் வலையில் யாரும் எந்தத் திசையிலும் போகலாம். ஒற்றையடித் தடத்தில் அது ஆபத்து: வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாது. ஆகவே அவை பெரும்பாலும் ஒருவழிச் சுற்றுகள். தொடங்கிய இடத்திலேயே முடியும். முக்கோணமும் இரண்டு வட்டங்களும் கொண்ட சிறு பலகை வழிகாட்டும், நிறம் கடினத்தைச் சொல்லும். பச்சை எளிது, நீலம், சிவப்பு, கறுப்பு என்று ஏறிக்கொண்டே போகும். மலைநாட்டுக்காரர் ஒருவர் இங்கே வந்து கறுப்புத் தடத்தைப் பார்த்தால் சிரிக்கலாம். மழைக்குப் பின் வேர்கள் ஈரமாக இருக்கும் நாளில் அவர் சிரிக்க மாட்டார்.

உயரம் வேண்டும் என்பவர்களுக்கும் சுரங்கமே ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறது. கரியோடு வெட்டி எடுத்த வீண்கல்லைக் குவித்த மேடுகள் சுரங்கத்துக்குச் சுரங்கம் நிற்கின்றன. ஊரில் டெரில் என்கிறார்கள். பெரிங்கனில் உள்ள ஒன்று ஏறக்குறைய 60 மீட்டர் உயரம். அதன் சரிவுகளில் இன்று சைக்கிள் தடங்கள் ஏறி இறங்குகின்றன. பக்கத்திலேயே முட்டுமரங்களின் நினைவாக மரத்தூண்களை நெருக்கமாக நட்டு ஒரு விளையாட்டுக் காடும் செய்திருக்கிறார்கள். கறுத்த கல் வெயிலைப் பிடித்து வைத்துக்கொள்வதால் டெரிலின் தெற்குச் சரிவுகள் சூடானவை. வெப்பம் விரும்பும் பூச்சிகளும் பல்லிகளும் அங்கே குடியேறிவிட்டன. குப்பைமேடு என்று விட்டது குன்றாகி, குன்று விளையாட்டிடமாகி, கடைசியில் பாதுகாக்க வேண்டிய வாழிடமும் ஆகிவிட்டது. ஓட்டுபவருக்கும் பல்லிக்கும் பிடித்தது அதே தெற்குச் சரிவுதான் என்பதில்தான் வம்பு தொடங்குகிறது.

வாசல் வைத்து அடைத்த பூங்கா

அஸ், கெங்க், ஸூட்டன்டால், லானக்கன், மாஸ்மெக்கலன், டில்சன்-ஸ்டோக்கம் ஆகிய ஊராட்சிகளின் காடுகளையும் வெளிகளையும் சேர்த்து 2006 மார்ச்சில் ஹோஹ கெம்பன் தேசியப் பூங்கா திறக்கப்பட்டது. பெல்ஜியத்தின் முதல் தேசியப் பூங்கா அது. தொடக்கத்தில் 5,000 ஹெக்டேருக்குச் சற்று அதிகம், பிற்பாடு விரிவானது. நடுவே ஈ314 நெடுஞ்சாலை போகிறது. மான்களும் பல்லிகளும் அதைக் கடக்க மாஸ்மெக்கலன் அருகே மண் போட்டுச் செடி நட்ட ஒரு பாலம் இருக்கிறது.

இந்தப் பூங்காவைத் திட்டமிட்டவர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம், நுழைவாயில்கள். கார் நிறுத்துமிடம், உணவகம், கழிப்பறை, குழந்தைகளுக்கான விளையாட்டு எல்லாவற்றையும் பூங்காவின் விளிம்பிலேயே வைத்தார்கள். கெங்க்கின் கட்டஃபென்னனில் கோளரங்கம், ஸூட்டன்டாலின் லீட்டபெர்க்கில் வெறுங்கால் நடைபாதை, அஸ்ஸில் பழைய ரயில் நிலையம், ஐஸ்டன் சுரங்கம் இருந்த இடத்தில் கனெக்டெர்ரா என்ற வாசல். குடும்பத்தோடு வருபவர்களில் பெரும்பாலோர் வாசலிலிருந்து ஓரிரு கிலோமீட்டர் நடந்துவிட்டு ஐஸ்கிரீமுக்குத் திரும்பிவிடுவார்கள். நடுப்பகுதி தானாகவே அமைதியாக இருக்கும்.

சைக்கிள்காரர் இந்தக் கணக்கைக் கெடுத்துவிடுகிறார். இரண்டு மணி நேரத்தில் நடப்பவர் எட்டு கிலோமீட்டர் போனால் இவர் முப்பது போவார். வாசலிலிருந்து ஒருவர் எட்டக்கூடிய தூரம் நான்கு மடங்கானால், அவர் தொடக்கூடிய பரப்பு பதினாறு மடங்காகிறது. காட்டு அதிகாரிகளுக்கு மவுண்டன் பைக் மீது இருக்கும் கவலை அடிப்படையில் இந்தக் கணிதம்தான். சக்கரம் மண்ணைக் கிளறுவது இரண்டாம்பட்சம்.

சட்டமும் அதற்கேற்றபடி இருக்கிறது. ஃபிளாண்டர்ஸில் காடுகளுக்கும் இயற்கைக் காப்பகங்களுக்கும் யார், எங்கே, எப்படி வரலாம் என்பதை 2008 டிசம்பரில் அரசு ஒரு முடிவாக வெளியிட்டது. அதன்படி ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியே வருகை விதிமுறை உண்டு. எந்தப் பாதை நடப்பவருக்கு, எது குதிரைக்கு, எது சைக்கிளுக்கு என்று வரைபடத்தோடு நுழைவிடத்தில் பலகை நிற்கும். பாதையை விட்டு விலகக் கூடாது என்பது பொது விதி. மவுண்டன் பைக்குக்கு என்று குறிக்கப்பட்ட தடத்தில்தான் மவுண்டன் பைக் போகலாம். பக்கத்தில் அழகான ஒற்றையடிப் பாதை ஒன்று கண்ணில் பட்டாலும் அது நடப்பவர்களுக்கு உரியதாக இருக்கலாம். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்போடு எங்கும் நடக்கவும் சைக்கிளில் போகவும் உரிமை கொடுத்திருக்கிறது. அந்த ஊர் ஓட்டுநர் கெம்பனுக்கு வந்தால் மூச்சு முட்டும். ஆனால் ஸ்காட்லாந்து மலைகளில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு இருக்கும் ஆட்களையும் இங்கே இருக்கும் ஆட்களையும் எண்ணிப் பார்த்தால், இங்குள்ள விதி கொடுமையானது என்று எனக்குத் தோன்றவில்லை.

தரையில் முட்டையிடுபவை

புதர்வெளியில் வாழும் உயிர்களில் பல தரையோடு தரையாக வாழ்பவை. பக்கி என்ற இரவுப்பறவை கூடு கட்டுவதே இல்லை. மே முதல் ஆகஸ்ட் வரை வெற்று மண்ணிலும் சருகிலும் முட்டையிட்டு, சருகின் நிறத்திலேயே அசையாமல் அடைகாக்கும். மிதிபடும் அளவுக்கு யாராவது நெருங்கினால்தான் எழுந்து பறக்கும். எல்லைக்கு அப்பால் நெதர்லாந்துப் புதர்வெளிகளில் வாழும் மணல் பல்லியின் கதை இன்னும் சிக்கலானது. முட்டையிட அதற்குச் செடி மூடாத, வெயில் படும் மணல் வேண்டும். காட்டிலும் அடர்ந்த வெளியிலும் அப்படிப்பட்ட மணல் எங்கே கிடைக்கிறது? பாதை ஓரத்தில். நடப்பதும் ஓட்டுவதும் பல்லிக்குப் பிடித்த வெற்று மணலை உண்டாக்கித் தருகின்றன. அதே மணலில் அது போட்ட முட்டையைச் சக்கரம் நசுக்குகிறது.

ஆகவே சைக்கிள் வெளிக்குக் கெடுதல் என்றோ இல்லை என்றோ ஒரே வரியில் சொல்பவர்களை நம்ப வேண்டாம். கிளறப்படாத வெளி செத்துப்போகும். ஆடும் மண்வெட்டியும் தீயும் காலம் காலமாகச் செய்த வேலை அது. பெல்ஜிய லிம்பர்க்கில் உள்ள பெவர்லோ படைமுகாமைச் சுற்றியுள்ள பயிற்சி நிலங்களில் 1835 முதல் படைகள் மண்ணைக் கிளறிக்கொண்டே இருக்கின்றன. பயிர் வைக்கவும் வீடு கட்டவும் யாரையும் விடாததால் நாட்டின் மிகப் பெரிய புதர்வெளிகளில் சில அங்கே பிழைத்துக் கிடக்கின்றன. டாங்கி போன இடத்தில் பல்லி வாழ்கிறது, சைக்கிள் போன இடத்தில் ஏன் வாழக் கூடாது என்று ஓட்டுபவர்கள் கேட்பதுண்டு. கேள்வி சாமர்த்தியமானது. பதில் நேரத்தில் இருக்கிறது. டாங்கி ஒரு துண்டைப் புரட்டிப் போட்டுவிட்டு நாள்கணக்கில் திரும்பி வராது. பிடித்தமான தடத்தில் சனி ஞாயிறு முழுவதும் சில நிமிடத்துக்கு ஒரு சைக்கிள் வரும், அதுவும் வெயிலான கோடை நாளில், பல்லி வெளியே வரும் அதே மணி நேரங்களில்.

விலங்குகள் மிரளுவதைப் பற்றி அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வு 2003இல் வெளிவந்தது. காட்டெருமை, மான் போன்றவை நடப்பவரைக் கண்டு மிரளுவதற்கும் சைக்கிளைக் கண்டு மிரளுவதற்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று அது கண்டது. வேறுபாட்டை உண்டாக்கியது வேறொன்று: பாதையில் வருபவரை அவை ஓரளவு பொறுத்துக்கொண்டன, பாதையை விட்டு விலகி வருபவரைக் கண்டால் அதிகம் ஓடின. எங்கே வருவார் என்று தெரிந்த மனிதனோடு விலங்கு பழகிக்கொள்கிறது. குறிக்கப்பட்ட தடத்துக்கான மிக வலுவான வாதம் இதுதான்.

2018 ஜனவரியில் நாயா என்று பெயரிடப்பட்ட பெண் ஓநாய் ஒன்று இந்தப் பகுதிக்கு வந்து சேர்ந்தது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பெல்ஜியத்தில் காணாத விருந்தாளி. அது மறுவருடம் காணாமல் போனது. பின்னால் வந்த நோயெல்லா 2020இல் குட்டி போட்டது. இரவில் விளக்கு போட்டுக்கொண்டு ஓட்டும் பழக்கம் ஏற்கெனவே மான்களையும் காட்டுப்பன்றிகளையும் தொந்தரவு செய்துவந்தது. இப்போது அந்தியும் இரவும் விலங்குகளுக்கு என்று விட்டுவிட வேண்டும் என்று கேட்பதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துவிட்டது.

மணலோடு மல்லுக்கட்டு

இப்போது தரைக்கு வருவோம். கெம்பன் மண்ணை வெட்டிப் பார்த்தால் மேலே கரிய, நார்போன்ற மட்கு அடுக்கு. அதன் கீழே மழை சத்தையெல்லாம் கழுவி எடுத்துவிட்ட சாம்பல் மணல். அதற்கும் கீழே கழுவப்பட்ட இரும்பும் மட்கும் படிந்து இறுகிய பழுப்பு அடுக்கு. மேலே உள்ள மட்கு அடுக்குதான் தடத்தின் தோல். அது இருக்கும்வரை சக்கரம் மெத்தென்று, வேகமாக உருளும். தேய்ந்து கிழிந்ததும் சாம்பல் மணல் வெளியே வருகிறது, கோடையில் அது மாவாகிவிடும். சக்கரம் புதைகிறது. ஓட்டுபவர் அனிச்சையாக ஓரத்துக்கு விலகுகிறார், ஓரத்து ஹெதர் சாகிறது, அங்கும் மணல் வருகிறது, அடுத்தவர் இன்னும் விலகுகிறார். ஓர் ஆள் அகலத் தடம் சில ஆண்டுகளில் வண்டிப்பாதை அகலம் ஆவது இப்படித்தான். மழைக்காலத்தில் குட்டையைச் சுற்றிப் போகிறவர்களும் இதையே செய்கிறார்கள். குட்டையின் நடுவே ஓட்டுங்கள், ஆடை அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம் என்று தடம் பராமரிப்பவர்கள் சொல்வது இதனால்தான்.

வளைவுகளுக்கு முன்னால் எல்லோரும் ஒரே இடத்தில் பிரேக் பிடிப்பார்கள். அங்கே அலை அலையாகக் குழி விழும். வளைவை வெளிப்பக்கம் உயர்த்திக் கட்டினால் பிரேக் பிடிக்க வேண்டிய தேவை குறையும். தடம் சரிவில் நேராக இறங்கினால் மழைநீர் அதை வாய்க்காலாக்கிவிடும். அதனால் சரிவுக்குக் குறுக்கே சாய்வாக இறக்கி, இடையிடையே சிறிது ஏற்றிவிட வேண்டும். அந்த ஏற்றத்தில் நீர் நின்று பக்கவாட்டில் வெளியேறும். உலகம் முழுவதும் தடம் அமைப்பவர்கள் பின்பற்றும் விதி இது. கெம்பனில் கூடுதலாகச் செய்வது, மணல் மோசமான இடங்களில் களிமண் கலந்த மண்ணைக் கொண்டுவந்து போட்டு இறுக்குவது. கொஞ்சம் போட்டால் தடம் பிழைக்கும். அதிகமானால் சத்தில்லாத மண்ணுக்குப் பழகிய செடிகளின் இடத்தில் களை வரும். எவ்வளவு என்பது கைப்பழக்கம்.

குதிரைத் தடத்தையும் சைக்கிள் தடத்தையும் பிரித்து வைப்பதற்கும் மணல்தான் காரணம். குளம்பு மணலைக் கிளறி இளக்குகிறது, அதில் சைக்கிள் ஓடாது. 1994இல் அமெரிக்காவின் மொன்டானாவில் நடந்த ஓர் ஒப்பீட்டில், குதிரையும் நடப்பவரும் அரித்துப்போகத் தயாராக விட்டுச்சென்ற மண், சக்கரங்கள் விட்டுச்சென்றதைவிட அதிகம் என்று தெரியவந்தது. ஓட்டுபவர்கள் இந்த ஆய்வை வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் எடுத்துக்காட்டுவார்கள். மொன்டானாவின் மண் கெம்பனின் மணல் அல்ல, அந்த ஒப்பீட்டில் வேகமாக வந்து பிரேக் பிடிக்கும் இன்றைய ஓட்டமும் இல்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

புல்லின் பின்னால் இருக்கும் கோழிப்பண்ணை

இத்தனையும் சொன்ன பிறகு அளவு தவறாமல் பார்க்க வேண்டும். புதர்வெளியைத் தின்றுகொண்டிருக்கும் முதல் எதிரி டயர் அல்ல, காற்றில் வந்து விழும் நைட்ரஜன். கால்நடைப் பண்ணைகளின் அமோனியாவும் வாகனப் புகையும் மழையோடும் தூசியோடும் சேர்ந்து சத்தில்லாத மணலுக்கு இலவசமாக உரம் போடுகின்றன. உரம் கிடைத்தால் ஹெதரை முந்திக்கொண்டு மொலினியா என்ற உயரமான புல் எழும், சில ஆண்டுகளில் ஊதா வெளி வைக்கோல் நிறமாகிவிடும். 2021 பிப்ரவரியில் இதே லிம்பர்க்கின் கோர்ட்டஸம் ஊரில் ஒரு கோழிப்பண்ணைக்குக் கொடுத்த அனுமதியைத் தீர்ப்பாயம் ரத்து செய்தது. பண்ணையின் நைட்ரஜன் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளுக்கு என்ன செய்யும் என்பது போதுமான அளவு ஆராயப்படவில்லை என்பதே காரணம். அந்த ஒரு தீர்ப்பு ஃபிளாண்டர்ஸ் அரசியலைப் பல ஆண்டுகள் உலுக்கியது.

வெளியைக் காப்பாற்றப் பழைய வேலைகளையே காசு கொடுத்துச் செய்கிறார்கள்: ஆடு மேய்க்கிறார்கள், மேல்மண்ணை இயந்திரத்தால் சுரண்டுகிறார்கள், முளைக்கும் பைனைப் பிடுங்குகிறார்கள். இதன் பக்கத்தில் வைத்தால் ஒற்றையடித் தடத்தின் சேதம் ஒரு கோட்டளவு. ஆனாலும் சைக்கிளைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு எண்பது கிலோமீட்டர் ஓட்டி வருபவர் நைட்ரஜன் கணக்கில் தனக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

கைபேசி, மோட்டார், காசு

பலகையும் சட்டமும் வகுத்த ஒழுங்கைக் கடந்த பதினைந்து ஆண்டுகளில் குலைத்தது கைபேசி. யாரோ ஒருவர் நடைபாதையிலோ தடைசெய்த துண்டிலோ ஓட்டிய வழி ஸ்ட்ராவா போன்ற செயலிகளில் பதிவாகிறது. அடுத்தவர் அதை இறக்கிக்கொண்டு பலகையைப் பார்க்காமலே பின்தொடர்கிறார். நூறு பேர் போனபின் காட்டில் ஒரு புதுத் தடம் இருக்கும், போட்டவர் யாரும் இல்லை. கிளைகளையும் அடிமரங்களையும் குறுக்கே போட்டு மூடுவார்கள், ஒரு வாரத்தில் பக்கத்தில் புதிதாக ஒன்று திறக்கும். தடை போடுவதைவிட அருகிலேயே நல்ல தடம் ஒன்றைப் போட்டுக் கொடுப்பது பலன் தரும் என்பது தடம் அமைப்பவர்களின் அனுபவம். அலுப்பான தடம்தான் கள்ளத் தடத்தைப் பெறுகிறது.

மின்மோட்டார் வைத்த மவுண்டன் பைக்கும் வந்துவிட்டது. மணிக்கு 25 கிலோமீட்டர் வரை மட்டும் உதவும், 250 வாட்டுக்கு மிகாத மோட்டார் என்றால் ஐரோப்பியச் சட்டத்தின் கண்ணில் அது சாதாரணச் சைக்கிள்தான். வயதானவர்களும் உடல்நலம் குறைந்தவர்களும் காட்டுக்குள் வர முடிகிறது என்பது நல்ல செய்தி. முன்பு ஒரு சுற்றோடு களைத்து வீடு திரும்பியவர் இப்போது மூன்று சுற்று போகிறார் என்பது தடத்தைப் பராமரிப்பவருக்குச் செய்தி.

அந்தப் பராமரிப்புக்கு யார் காசு கொடுப்பது என்பதில் எல்லைக்கு இரு பக்கமும் வழக்கம் வேறு. நெதர்லாந்தின் யூட்ரெக்ட் மேட்டுநிலத்தில் மவுண்டன் பைக் தடத்துக்குள் நுழைவதற்கு, வில்லை எனப்படும் ஒட்டுச்சீட்டு ஒன்றை வாங்கிச் சைக்கிளில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பணம் தடத்தின் பராமரிப்புக்கே போகிறது. மண்வெட்டி பிடிப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். பெல்ஜிய லிம்பர்க்கில் அடையாளமிட்ட தடங்களில் பொதுவாக யாரும் டிக்கெட் கேட்பதில்லை. சுற்றுலா வருமானம் உணவகத்திலும் விடுதியிலும் வந்துவிடும் என்ற கணக்கில் உள்ளாட்சிகள் செலவை ஏற்கின்றன. வில்லை முறையே மேல் என்பது என் எண்ணம். ஆண்டுக்குச் சில யூரோ கொடுத்தவர், தான் வாங்கிய தடத்தில் மற்றவர் ஓரம் ஒதுங்கி ஹெதரை மிதிப்பதைப் பார்த்தால் குரல் கொடுப்பார். வனக்காவலர் எல்லாச் சதுரத்திலும் நிற்க முடியாது.